ஏழாம் இலக்கக் குழாய்

1. ஒன்பது பத்துக்கு வந்த அழைப்பு

“ஐயா, நீங்கள் அனுப்பின ஏழாம் நம்பர் பிள்ளைக்கு வருத்தமே இல்லை.”

கொழும்பிலிருந்து டொக்டர் வசந்தி இதைச் சொன்னபோது காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பேசாலையில் என் வீட்டுக் கதிரையில் இருந்தபடி தொலைபேசியை எடுத்தவன், எழுந்து நின்றுவிட்டேன்.

“வருத்தம் இல்லை எண்டால்?”

“தலசீமியா இல்லை. ரெண்டு தரம் பாத்தாச்சு. அந்த மரபணுவில ஒரு பிழையும் இல்லை. இது சுகமான பிள்ளையின்ர ரத்தம். குழாயை மாறி ஒட்டியிட்டியளோ?”

“நான் மாறி ஒட்டுறேல்லை, டொக்டர்.”

“அது எனக்குத் தெரியும். அதுதான் உங்களிட்டயே கேக்கிறன்.”

குறிப்புக் கொப்பியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தொலைபேசியை வைத்தேன். அன்று காலைச் சாப்பாடு சாப்பிட்டேனா இல்லையா என்பது மட்டும் என் கொப்பியில் எழுதப்படவில்லை.

ஆய்வுகூட வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். முப்பத்து நான்கு வருடம் ஐந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் எம்.எல்.டி. ஆக இருந்தேன். இரத்தம் எடுத்து, கண்ணாடித் தட்டில் பூசி, நுணுக்குக்காட்டியின் கீழே கலங்களை எண்ணுகிற உத்தியோகம். எண்ணி எண்ணிப் பழகி, வீட்டுப் படி, தேவாலயத்து வாங்கு, கறியில் விழுந்த மீன் துண்டு எல்லாவற்றையும் எண்ணுகிறவனாகிவிட்டேன். ஓய்வு பெற்று இரண்டு வருடத்தில் டொக்டர் வசந்தியின் ஆராய்ச்சிக்கு மன்னார்ப் பக்கத்து ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். போர் முடிந்து, சனங்கள் திரும்பி வந்து, கல்வீடுகள் பாதிக் கட்டில் நின்ற காலம் அது.

2. எனக்கு விளங்கிய அளவு

முதல் நாள் டொக்டர் நாற்பது நிமிடம் விளக்கம் சொன்னார். நான் பதினொரு கேள்வி கேட்டேன். ஏழு விளங்கியது. நான்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

விளங்கியது இது. தலசீமியாப் பிள்ளைக்கு மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை. அதனால் உடம்பு நல்ல சிவப்பணு செய்யாது. மாதத்துக்கு ஒரு தடவை வேறு ஆட்களின் இரத்தம் ஏற்ற வேண்டும். டொக்டர் அந்தப் பிள்ளையிடமிருந்து எட்டு மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, அதிலுள்ள வெள்ளையணுவைப் பின்னோக்கி நடத்தி, பிறப்பதற்கு முன்னர் இருந்த நிலைக்குக் கொண்டுபோகிறார். அதுதான் ஸ்டெம் செல். அது எந்த உறுப்பின் கலமாகவும் மாறக்கூடியது, சாகாமல் தட்டில் பெருகிக்கொண்டே இருக்கும். அப்படிப் பெருகுகிற ஒரு குடும்பத்தை செல் லைன் என்கிறார்கள். பிறகு அதற்குள் ஒரு கத்தரியை அனுப்புகிறார்கள். கத்தரியும் ஒரு புரதம்தான். அதனோடு ஒரு வழிகாட்டித் துண்டு போகும். முந்நூறு கோடி எழுத்துக்குள் சரியான இடத்தைத் தேடிப்பிடித்து வெட்டும். வெட்டின இடத்தில் திருத்தின எழுத்தை வைத்துத் தைத்துவிடலாம்.

சுகமான பிள்ளையின் கலத்தில் இதே வேலையைத் திருப்பியும் செய்யலாம். நல்ல எழுத்தை எடுத்துவிட்டுப் பிழையை வைக்கலாம்.

“அது ஏன் டொக்டர்? இருக்கிற வருத்தம் காணாதோ?”

“ஒப்பிட்டுப் பாக்கத்தான் ஐயா. ஒரே கலம், ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அப்பதான் அந்த எழுத்து என்ன செய்யுது எண்டு நிச்சயமாத் தெரியும். மருந்தையும் அதில போட்டுப் பாக்கலாம்.”

தலையாட்டினேன். விளங்காத நான்கில் இது முதலாவது.

என் வேலை எளிது. தலைமன்னாரிலிருந்து சிலாவத்துறை வரை வருத்தமுள்ள பிள்ளைகள் பதினான்கு, சுகமான சகோதரங்கள் ஐந்து, மொத்தம் பத்தொன்பது குழாய். ஒவ்வொரு குழாய்க்கும் ஒன்பது பக்க ஒப்புதல் படிவத்தை வீட்டில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இரத்தம் ஏற்றுவதற்கு முந்தின நாள் எடுக்க வேண்டும். ஏற்றின பிறகு எடுத்தால் தானம் கொடுத்தவரின் கலமும் கலந்துவிடும். எடுத்ததை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொழும்புக்கு அனுப்ப வேண்டும்.

அதோடு ஆராய்ச்சிக் குழு ஒரு வான் வண்டியும் ஒழுங்கு செய்திருந்தது. அது மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கும். அந்த நாளில் முசலிப் பக்கத்துப் பாதை பாதையாக இல்லை. பஸ் வந்தால் வந்தது. இரத்தம் குறைந்து மூச்சு வாங்குகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிற தாய்மாருக்கு அந்த வான்தான் பெரிய விஷயம். பதினான்கு இருக்கை, பிள்ளை தாயின் மடியில். வருத்தமுள்ள பிள்ளைகளின் குழாயும் பதினான்கு. எனக்கு அந்தப் பொருத்தம் பிடித்திருந்தது. குழாய் இலக்கம், பிள்ளையின் பெயர், இருக்கை இலக்கம் என்று மூன்று நிரல் போட்டு ஒரே தாளில் பட்டியல் எழுதி, வான் கதவுக் கண்ணாடியில் ஒட்டினேன். குழாய் வந்தவுடன் பெயரை எழுதுவேன்.

வான் சாரதி அன்ரன் தலைமன்னார்க்காரன். “ஐயா, வானில சில்லு நாலும் இருக்கோ எண்டும் ஒருக்கா எண்ணிப்போட்டு வாங்கோ, வெளிக்கிடுவம்” என்பான்.

3. கையை ஒளித்த பிள்ளை

ஏழாம் இலக்கம் சிலாவத்துறை. தாயின் பெயர் நஸீரா. பிள்ளை இர்பான், ஏழு வயது. போர்க்காலத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னதால், இருபது வருடம் புத்தளத்து முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். தகப்பன் கடலுக்குப் போகிறவர். பிள்ளையை அன்று நான் காணவில்லை. ஒன்பது பக்கத்தையும் வாசித்து முடித்தேன். கடைசியில் நஸீரா ஒன்று கேட்டார்.

“சேர், ரத்தம் தந்தாத்தானே வான்?”

“படிவத்தில அப்படி இல்லை. எண்டாலும் வான் பட்டியல், எடுத்த குழாய்ப்படிதான் போகுது” என்றேன். இது என் வாயால் வந்த வசனம். கொப்பியில் இருக்கிறது.

“அப்ப நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வாறன்.”

மறுநாள் பள்ளிக்கூட அறையில் இரத்தம் எடுத்தேன். பெயர் கேட்டேன். பையன் நஸீராவைத் திரும்பிப் பார்த்துவிட்டு “இர்பான்” என்றான். ஊசியைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். மாதா மாதம் ஊசி பழகின தலசீமியாப் பிள்ளை அப்படிச் செய்யாது. தானே கையை நீட்டி, “இதில வராது, இந்தப் பக்கத்தில குத்துங்கோ” என்று நரம்பைக் காட்டும். இது எனக்குத் தெரியும். பயந்த பிள்ளை என்று நினைத்தேன். ஊசியில் வந்த இரத்தம் நல்ல கறுத்த சிவப்பு. ஏற்றுவதற்கு முந்தின நாள் அது வெளிறித் தண்ணீராய் இருக்க வேண்டும். இதுவும் எனக்குத் தெரியும். எங்கேயோ இடையில் ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டு இரு, வலிக்காது என்றேன். இருபத்தெட்டு வரை எண்ணினான். மேல் முன்பல் இரண்டு இல்லை என்று எழுதிக்கொண்டேன். குழாயை மூன்று தடவை சரிபார்த்தேன். பிள்ளையை ஒரு தடவை.

டொக்டரின் அழைப்புக்குப் பிறகு இந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான்காம் நாள் வான் வந்தது. முதல் தடவையாக வாட்டடியில் போய் நின்றேன். ஏழாம் இருக்கையிலிருந்து நஸீராவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிய பையன் மெலிந்தவன், கண் மஞ்சள். வாட்டில் கட்டிலில் ஏறி, தாதிக்குத் தானே கையை நீட்டினான். சிரித்தான். மேல் முன்பல் இரண்டும் இருந்தன.

ஐந்து வாரத்தில் இரண்டு பல்லும் முளைத்திருக்கலாம் என்று சிறிது நேரம் என்னையே நம்பவைக்கப் பார்த்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். பாற்பல்.

4. இரவல்

நஸீராவை வாட்டுக்கு வெளியே கூப்பிட்டேன்.

“அன்றைக்கு வந்தது ஆர்?”

அவர் மறுக்கவில்லை. “தங்கச்சிட மகன். சப்ராஸ். பவுசியாட.”

“ஏன் இப்படிச் செய்தனீங்கள்?”

“சேர், இவன்ட உடம்பில ஓடுறதே ஆரோ தந்த ரத்தம். அதிலயும் எடுத்தா என்ன மிஞ்சும்? முந்தி ஒரு தரம் டெஸ்டுக்கு எண்டு எடுத்து, அண்டைக்கே மயங்கி விழுந்த பிள்ளை. வானும் வேணும், எனக்குப் பிள்ளையும் வேணும். தங்கச்சி சொன்னா, கார்ட் பாக்கிற நாளில நாம செய்யாததா எண்டு.”

அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. முகாமில் நிவாரண அட்டைக்குத் தலை எண்ணுகிற நாள் ஒன்று வரும். அன்று பிள்ளை காய்ச்சலில் ஆஸ்பத்திரியிலோ, பெரியம்மா வீட்டிலோ இருந்தால் ஒரு பெயரை வெட்டிவிடுவார்கள். திரும்பச் சேர்க்க மாதக்கணக்காகும். அதனால் பக்கத்துக் குடிசைப் பிள்ளையை இரவல் வாங்கி வரிசையில் நிறுத்துவார்கள். எண்ணி முடிந்ததும் பிள்ளை ஓடிப்போய்விடும். நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த முகாமில் என் மனைவியின் அண்ணன் மகன் இரண்டு தடவை என் மகனாக நின்றவன். எண்ண வந்த உத்தியோகத்தரிடம் “ஓம், ஐந்து பேர்” என்று சொன்னது நான்.

“இப்ப கார்ட்டை வெட்டிப் போடுவீங்களா சேர்?” என்று நஸீரா கேட்டார்.

திருப்பி ஒழுங்காக எடுத்துவிடலாம், ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை என்றேன். அவர் உள்ளே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இர்பானின் கைக்குள் இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன்.

அன்று பின்னேரம் டொக்டருக்கு எடுத்தேன்.

“என்ர பிழைதான், டொக்டர். அந்த வீட்டில சுகமான சகோதரம் ஒண்டு இருக்கு. அதின்ர கையில எடுத்திருப்பன் போல.”

“நீங்களோ?” என்றார்.

“ஓம். எண்ணினதில தவறிப் போச்சு.”

முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட நான் தவறி எண்ணியதாக ஒப்புக்கொண்டதில்லை. இது முதல் தடவை. இது பொய்.

“சரி ஐயா, மனுசர்தானே. அந்தப் பிள்ளைக்கும் தாயின்ர கையெழுத்து இருக்குத்தானே?”

“இருக்கு.”

இது இரண்டாவது பொய். அது நஸீராவின் கையெழுத்து. பிள்ளை பவுசியாவின் பிள்ளை.

“அப்ப இதை நான் சுகமான பக்கத்தில சேர்க்கிறன். இருக்கிறதுக்குள்ள இதுதான் நல்லா வளருது. ஏழாம் நம்பரின்ர உண்மையான குழாயைப் பிறகு எடுத்து அனுப்புங்கோ.”

ஓம் என்றேன்.

5. எட்டு மாதம்

நஸீரா இர்பானின் கையைத் தரவில்லை. முதல் மாதம் காய்ச்சல். இரண்டாம் மாதம் நோன்பு. மூன்றாம் மாதம் “அவன்ட வாப்பா கடல்ல, கேக்கோணும்” என்றார். நான் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு காரணத்தைக் கொழும்புக்குச் சொன்னேன். எட்டு மாதத்தில் எட்டுக் காரணம். ஒன்றையும் இரண்டு தடவை சொல்லாமல் இருக்கக் கொப்பியில் எழுதி வைத்தேன்.

என் தலைக்குள் இருந்தது ஒரே ஒரு கணக்கு. உண்மையைச் சொன்னால் ஏழாம் குழாய் இல்லை. ஏழாம் குழாய் இல்லாவிட்டால் ஏழாம் இருக்கை இல்லை. இருக்கை இல்லாவிட்டால் இர்பான் பாதையில். போன வருடம் வான் வரும் முன்னர் இரண்டு மாதம் இரத்தம் தவறி அவன் எப்படிக் கிடந்தான் என்று ஆஸ்பத்திரி அட்டையிலேயே இருக்கிறது.

டொக்டர் இடைக்கிடை சந்தோஷமாகப் பேசுவார். தொண்ணூற்றாறு குழித் தட்டில் ஒரு குழிக்கு ஒரு கலமாக விதைத்தார்களாம். முளைத்தது நாற்பத்தொன்று. அதில் பிழையான எழுத்துச் சரியாகப் போய் இருந்தது மூன்று. “ஏழாம் நம்பர் பொன் ஐயா” என்றார் ஒருநாள். ஒரு பிள்ளையின் கலத்தில் வருத்தம் ஏறிவிட்டது என்று ஒரு வைத்தியர் சந்தோஷப்படுகிறார். அவர் கெட்டவர் அல்லர். நான் அதுவரை கண்ட வைத்தியர்களில் நல்லவர் அவர். இதை எந்த நிரலில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

6. திரையில் ஓர் இலக்கம்

பத்தாம் மாதம் டொக்டர் மன்னாருக்கு வந்தார். குடும்பங்களைக் கூட்டி, அவர்கள் தந்த இரத்தத்தில் என்ன நடந்தது என்று படம் போட்டுக் காட்டினார். ஆஸ்பத்திரி மண்டபத்தில் நாற்பத்திரண்டு பேர். நஸீராவோடு பவுசியாவும் வந்திருந்தார். டொக்டர் நல்ல தமிழில் பொறுமையாகச் சொன்னார். வருத்தமுள்ள கலத்தைத் திருத்தினது ஒரு படம். சுகமான கலத்தில் வருத்தத்தை வைத்தது மற்றப் படம். அந்தப் படத்தின் மூலையில் சிறிதாக ஓர் இலக்கம்: 7. ஒவ்வொரு குடும்பத்திடமும் இலக்கம் போட்ட அட்டை இருக்கிறது. நஸீரா தன் அட்டையைக் கவிழ்த்து வைத்ததைக் கண்டேன். பவுசியா அதை நிமிர்த்திப் பார்த்ததையும் கண்டேன்.

பவுசியா எழுந்தார்.

“டொக்டர், சுகமான பிள்ளையின்டதுக்கு வருத்தம் போட்டதாச் சொன்னீங்க. அந்தப் பிள்ளைக்கு இப்ப வருத்தமா?”

“இல்லை, இல்லை. பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. தட்டில வளர்ற கலத்துக்கு மட்டும்தான்.”

“தட்டில இருக்கிறது அவன்டதானே?”

“அவரின்ர ரத்தத்தில இருந்து வந்தது.”

“அப்ப அவன்டதான்.”

பின்வரிசையில் பன்னிரண்டாம் இலக்கப் பிள்ளையின் தகப்பன் சொன்னார்: “வருத்தக்காரனைச் சுகமாக்கி, சுகமா இருந்தவனை வருத்தக்காரன் ஆக்கியாச்சு. ஐயாட கணக்கு ஒருநாளும் பிழைக்காது.”

சனம் சிரித்தது. டொக்டரும் சிரித்தார். பவுசியா சிரிக்கவில்லை. நேரே என்னைப் பார்த்தார்.

“சேர், நான் ஒரு நாளைக்குத்தான் என்ட பிள்ளையை இரவல் தந்த நான். பத்து மாசமா என்ன செய்திருக்கிறீங்க?”

அவர் சத்தம் போடவில்லை. சப்ராஸுக்கு ஒன்றும் இல்லை, அன்று காலையும் பள்ளிக்கூடம் போயிருப்பான். ஆனால் கொழும்பில் அவனுடையது ஏதோ ஒன்று வருத்தமாய் இருக்கிறது, அதற்கு அவன் தாய் ஓம் சொல்லவில்லை. இரண்டும் உண்மை. இரண்டையும் கூட்டினால் என்ன வரும்?

7. மூன்று நிரல்

மண்டபம் காலியானதும் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினேழு நிமிடம். கடைசியில், “இர்பானின்ர இருக்கையை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ. என்னை நிப்பாட்டுங்கோ” என்றேன்.

டொக்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“இருக்கைக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் ஐயா? மூண்டாம் பக்கம், அஞ்சாம் பந்தி. தராட்டிலும், தந்திட்டு வேண்டாம் எண்டு சொன்னாலும், வானோ வைத்தியமோ நிக்காது. நீங்கள்தானே வாசிச்சனீங்கள்.”

“பத்தொன்பது தரம் வாசிச்சனான்.”

“அப்ப இந்தப் பிள்ளைக்கு இருக்கை போகும் எண்டு ஆர் சொன்னது?”

வான் வெளியே நின்றது. அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவுக் கண்ணாடியைக் காட்டினேன். குழாய், பெயர், இருக்கை. டொக்டர் மூன்று நிரலையும் மேலிருந்து கீழே வாசித்தார். வெயிலில் மை மங்கியிருந்தது. கண்ணாடியில் சாய்ந்து நின்ற அன்ரன் தள்ளி நின்றான்.

“இப்படிப் போடச் சொல்லி ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் இல்லை. எண்ண லேசு.”

“ஐயா,” என்றார். தாளின் மேல் விரலை வைத்தார். “இதைக் கண்ட எந்தத் தாய் மூண்டாம் பக்கத்தை நம்புவா?”

பன்னிரண்டாம் இலக்கத் தகப்பன் ஒரு திங்கட்கிழமை, இரத்தம் தர முடியாது என்று சொல்லிச் செவ்வாய்க்கிழமை பிள்ளையோடு வந்தவர். என் விளக்கத்தால் மனம் மாறினார் என்று கொப்பியில் எழுதியிருந்தேன். பட்டியல் ஒட்டினது அந்தத் திங்கட்கிழமை பின்னேரம்.

8. கேட்டால்

டொக்டர் அன்றைக்கே பவுசியாவைத் தேடிப் போனார். பஸ் நிற்கிற இடத்து வாங்கில் இரண்டு சகோதரிகளும் இருந்தார்கள். டொக்டர் பக்கத்தில் இருந்து, பிழை எங்கே நடந்தது என்று மறைக்காமல் சொன்னார். நான் நின்றேன். பிறகு கேட்டார். அந்த லைனை வைத்திருக்கலாமா? பெயர் எங்கேயும் இல்லை. அதில் ஒரு மருந்து பிடித்தால் இர்பானைப் போன்ற பிள்ளைகளுக்கு உதவும். வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்.

நஸீரா தங்கையின் கையைப் பிடித்தார். “எனக்காக ஓம் எண்டு சொல்லாத” என்றார்.

“ராத்தா, உனக்காகத் தந்தது அண்டைக்கு. இது வேற.” பவுசியா டொக்டரிடம் திரும்பினார். “நீங்கள் நல்லதுக்குத்தான் கேக்கிறீங்க. எனக்கு விளங்குது. எங்களை ஊரை விட்டுப் போகச் சொன்ன நேரம் ஒருத்தரும் கேக்கேல்ல. திரும்பி வந்து இருங்கோ எண்டு சொன்ன நேரமும் கேக்கேல்ல. நீங்கள் கேக்கிறீங்க. கேட்டா, வேணாம் எண்டும் சொல்லலாம்தானே?”

“சொல்லலாம்.”

“அப்ப வேணாம்.”

டொக்டர் தலையாட்டினார். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை.

“ஒண்டு,” என்றார் பவுசியா. “அழிச்சாச்சு எண்டு கடதாசியில எழுதி அனுப்பாதீங்க. சேர் போய்ப் பாக்கட்டும். எண்ணிட்டு வந்து என்னட்டச் சொல்லட்டும். அவருக்கு அதுதானே வேலை.”

நான் கொழும்புக்குப் போனேன். அழிக்கும் முன்னர் டொக்டர் நுணுக்குக்காட்டியில் இரண்டு தட்டைக் காட்டினார். ஒன்று சப்ராஸின் கலம் உள்ளபடி. மற்றது வருத்தம் வைத்தது. இரண்டும் ஒரே மாதிரி, வட்டமாக, ஓரம் மினுங்கிக்கொண்டு, கும்பலாக இருந்தன. முப்பத்து நான்கு வருடம் கலம் பார்த்த கண். எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. “சிவப்பணுவாக மாற்றினாத்தான் வித்தியாசம் தெரியும்” என்றார் டொக்டர். அப்படியானால் இப்போது இது வருத்தமா, சுகமா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, “நல்ல கேள்வி” என்றார்.

உறைகுளிர்த் தொட்டியிலிருந்து சிறு குப்பிகளை எடுத்து வைத்தார்கள். உள்ளபடி இருந்தது பன்னிரண்டு. வருத்தம் வைத்தது இருபத்தாறு. முப்பத்தெட்டு. இரண்டு தடவை எண்ணினேன். தட்டுகளோடு சேர்த்து எல்லாவற்றிலும் வெளுப்புத் திரவத்தை ஊற்றினார்கள். கலம் இருந்த திரவத்தின் இளஞ்சிவப்பு நிறம் மறைந்தது. டொக்டர் கையுறையைக் கழற்றி, கழுவி, என்னைத் தேநீர் குடிக்கக் கூட்டிப்போனார். பத்து மாத வேலை அதோடு போனது.

சிலாவத்துறைக்குப் போய்ப் பவுசியாவிடம் முப்பத்தெட்டு என்று சொன்னேன். “சரி சேர்” என்றார். சப்ராஸ் வளவில் பந்தடித்துக்கொண்டிருந்தான். முன்பல் இரண்டும் முளைத்திருந்தன. எண்ண வேண்டும் என்று தோன்றவில்லை.

9. இளையவர்களுக்கு

டொக்டர் ஆராய்ச்சியைக் கண்காணிக்கிற குழுவுக்கு நடந்ததை எழுதினார். நானும் எழுதிக் கொடுத்தேன். என்னை நிறுத்தவில்லை. வேலையை மாற்றினார்கள். வான் பட்டியலை அதன்பிறகு அன்ரன் எழுதினான். யார் இரத்தம் தந்தது, யார் தரவில்லை என்று அவனுக்குத் தெரியாது. என்னிடம் அவன் கேட்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது என்று ஒழுங்கு. குழாய்ப் பதிவேடு என்னிடம். இரண்டும் ஒரே மேசையில்கூட இருக்காது.

நான் ஒவ்வொரு வீடாகப் போய் மூன்றாம் பக்கத்து ஐந்தாம் பந்தியை மட்டும், வாசிக்காமல், வாயால் சொன்னேன். நஸீரா வீட்டில் சொன்னபோது, “இதை முதலே இப்படிச் சொல்லியிருக்கலாமே சேர்” என்றார். இர்பானின் இரத்தத்தை அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. நஸீராவும் தரவில்லை. பன்னிரண்டாம் இலக்கத் தகப்பன் தன் பிள்ளையின் குழாயைத் திருப்பிக் கேட்டார். மூன்றாம் இலக்கத் தாயும் கேட்டார். டொக்டர் மறுபேச்சில்லாமல் இரண்டையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்.

அந்த ஆராய்ச்சியில் கலத்தைப் பற்றி விளங்காத நான்கு கேள்விகளும் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. பட்டியலைப் பற்றி ஒன்று விளங்கியது. தருகிறவர்களின் பெயரையும் பெறுகிறவர்களின் பெயரையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். எழுதினால், பிறகு யார் மனம் விரும்பித் தந்தார் என்று உங்களால் எண்ண முடியாது. பத்து மாதமாக நான் பதினான்கு என்று எழுதி வைத்திருந்த தொகை, மூன்றும் ஏழும் பன்னிரண்டும் போக, பதினொன்று.

அடுத்த மாதம் வான் வந்தபோது கதவடியில் நின்று பார்த்தேன். பதினான்கு இருக்கையும் நிரம்பியிருந்தது.